கப்பல் கேபின்ல குழந்தைக்குப் படுக்கை எங்கே?

மாங்காட்டுல இருந்து, ஃபேன் ஆஃப் பண்ணி வச்ச ரூம்ல, வழக்கம்போல வேர்த்துக்கிட்டே பேசுறேன். ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்ல வருதுன்னு போன எபிசோடுக்கு நாலு பேர் சொன்னீங்க. அதனால இந்தத் தியாகம்.

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஐயப்பன்தாங்கல்ல இருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்காங்க. சென்னைத் துறைமுகத்துல இருந்து கிளம்புற சுற்றுலாக் கப்பல்ல போகணும்னு ஆசை. கையில ஒன்றரை வயசுக் குழந்தை. "கேபின் போட்டோவைப் பார்த்தா ரெண்டு கட்டில்தான் இருக்கு, பாப்பா எங்க படுப்பா?" இவ்வளவுதான் கேள்வி. படிச்சதும் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா போன வருஷம் எங்க வீட்டுல ரெண்டு வாரம் ஓடின பஞ்சாயத்து இதேதான். எங்க பொண்ணுக்கு அப்போ 19 மாசம், 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னணி. சென்னையில இருந்து இந்த மாதிரி சொகுசுக் கப்பல் போக்குவரத்து பெரிசா பேசப்பட்டது 2022-லதான். ஜூன் 4 அன்னைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கி வச்சார். கோர்டீலியா நிறுவனத்தோட எம்ப்ரெஸ் கப்பல். அடுத்த வருஷம் ஜூன்ல அதே கப்பல் இலங்கைக்கும் போச்சு: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. 211 மீட்டர் நீளம், 1990-ல பிரான்ஸ்ல கட்டினது. இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. அந்தக் காலத்துல கட்டின கப்பல்கள்ல உள்பக்கத்து கேபின், அதாவது ஜன்னல் இல்லாதது, பெரும்பாலும் 120 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கும். நம்ம ஏரியா ஃப்ளாட்ல ஒரு சின்ன பெட்ரூம் அளவு. அதுக்குள்ளேயே பாத்ரூம், அலமாரி, மேஜை எல்லாம் அடங்கணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்குக் கப்பல்ல குழந்தையைத் தூங்க வைக்கிறது புதுசு இல்ல. 1926-ல இருந்து 1973 வரைக்கும் மெட்ராஸ் – நாகப்பட்டினம் – பினாங்கு – சிங்கப்பூர்னு ரஜூலா ஓடுச்சு. அதுல டெக் பயணிகள் பாயை விரிச்சு, பெட்டியைச் சுத்தி வேலி மாதிரி வச்சுக்கிட்டு, குழந்தை குட்டியோட படுத்துத்தான் போனாங்க. அப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 தீ விபத்தோட நின்னுபோச்சு. அந்தமானுக்கு இன்னைக்கும் சென்னையில இருந்து கப்பல் போகுது. ரெண்டரை, மூணு நாள் பயணம். பங்க் கிளாஸ்ல வரிசையா அடுக்குப் படுக்கை. அங்க பாருங்க, அனுபவப்பட்ட அம்மாக்கள் கீழ்ப் படுக்கைக்குத்தான் அடிச்சுக்குவாங்க. அந்த அறிவுதான் இந்த எபிசோடோட பாதி விஷயம்.

சரி, புக்கிங். இங்கதான் முதல் ஆச்சரியம். ரயில்ல 5 வயசுக்குக் கீழ குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், தனி பெர்த்தும் கிடையாது, மடியில வச்சுக்கிட்டுப் போலாம். கப்பலை அப்படி நினைச்சுடாதீங்க. கட்டணத்துல சலுகை இருக்கலாம், சில நேரம் ரொம்பக் குறைவாவும் இருக்கலாம். ஆனா தலை எண்ணிக்கையில உங்க பாப்பா ஒரு முழு ஆள். ரெண்டு பேர் கேபின்ல ரெண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும்னு சேர்க்க முடியாது. மூணு பேர் கேபின்தான் எடுக்கணும். காசு பிடுங்குறதுக்குன்னு நான் முதல்ல நினைக்கல, காரணத்தைத் தேடினேன். உயிர்காப்புப் படகுக் கணக்கு அது. 1912-ல டைட்டானிக் மூழ்கினதுக்கு அப்புறம் 1914-ல சோலாஸ்னு ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்துச்சு. கடல்ல உயிர்ப் பாதுகாப்பு பத்தினது, இப்போ வரைக்கும் திருத்தித் திருத்தி நடைமுறையில இருக்கு. கப்பல்ல ஏறுற ஒவ்வொருத்தருக்கும் படகுல இடம் இருக்கணும். 10 கிலோ ஆளும் ஒரு ஆள்தான்.

மூணு பேர் கேபின் எடுத்தா மூணாவது படுக்கை எதுன்னு கேளுங்க. பெரும்பாலும் சுவத்துல மடிச்சு வச்சிருக்கிற மேல்படுக்கை. இழுத்து இறக்கினா ரயில் அப்பர் பெர்த் மாதிரி, ஒரு ஏணி. அதாவது உங்க பாப்பாவுக்குன்னு கணக்குல கொடுத்திருக்கிற படுக்கை, பாப்பா ஏறவே கூடாத படுக்கை. 6 வயசுக்குக் கீழ குழந்தைகளை மேல் அடுக்குல படுக்க வைக்கக் கூடாதுங்கிறதுதான் பங்க் கட்டில் விஷயத்துல உலகம் முழுக்கச் சொல்ற விதி. எங்களுக்கு புக் பண்ணிக்கொடுத்த ஏஜென்ட், "தொட்டில் தருவாங்க சார், கவலைப்படாதீங்க"ன்னார். எந்த அளவு தொட்டில்னு கேட்டேன். "தொட்டில் சார்"னு அதே வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

மடக்குத் தொட்டில்னா சாதாரணமா 28 அங்குலத்துக்கு 40 அங்குலம் வரும். அதை எங்க வைக்கிறது? நான் கேபின் படத்தைப் பார்த்து, எங்க ஹால் தரையில டேப் ஒட்டினேன். எட்டரை அடி அகலம், பதினாலு அடி நீளம். ஆபீஸ்ல டிசைன் டாக்குமென்ட் எழுதச் சொன்னா எழுத மாட்டேன், இதுக்கு உக்காந்து ஸ்கேல் போட்டேன். பாத்ரூம் ஒரு மூலை. ரெண்டு பக்கச் சுவரை ஒட்டி ரெண்டு கட்டில், ஒவ்வொண்ணும் ரெண்டரை அடி. நடுவுல மூணரை அடிப் பாதை. கட்டில் முடியிற இடத்துல மேஜை, அலமாரி. தொட்டிலைக் கதவுப் பக்கம் வச்சா பாத்ரூம் கதவு திறக்காது. நடுப்பாதையில வச்சா, உள்பக்கமா இருக்கிறவங்க ராத்திரி எழுந்து போக தொட்டிலைத் தாண்டணும். தாண்டலாம். ஆனா இருட்டுல, அவசர மணி அடிக்கும்போது?

இந்த டேப் கோட்டுக்குள்ள நின்னுதான் எங்க மாமியார் அந்த வார்த்தையைச் சொன்னாங்க. "மாப்பிள்ளை, எதுக்கு இவ்வளவு கணக்கு? ஒரு நூல் புடவையை எடுத்துட்டுப் போங்க. ஏணை கட்டிடலாம்."

தூளியை அவங்க ஊர்ல ஏணைன்னுதான் சொல்வாங்க. எங்க பொண்ணு 19 மாசத்துலயும் தூளியில ஆடினாத்தான் தூங்குவா. வீட்டுல கூரைக் கொக்கியில ஸ்பிரிங் மாட்டி, அதுல புடவை. ஸ்பிரிங் கிரீச்சுன்னு சத்தம் போடும், அந்தச் சத்தமே அவளுக்குத் தாலாட்டு. அதனால மாமியார் சொன்னதை நான் ஜோக்கா எடுத்துக்கல. அது ரொம்ப நல்ல ஐடியா. இடமே வேண்டாம். தரையை அடைக்காது. எடை கால் கிலோ. சூட்கேஸ்ல ஒரு மூலையில கிடக்கும்.

இன்னொரு விஷயம், கடலுக்கும் தூளிக்கும் ரொம்பப் பழைய சம்பந்தம். கப்பல்காரங்க படுத்த துணித் தொங்கல் படுக்கை இருக்கே, அது அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடி மக்கள்கிட்ட இருந்து ஐரோப்பியர்கள் கத்துக்கிட்டது. 1492-ல கொலம்பஸ் ஆளுங்க தீவுகள்ல அதைப் பார்த்தாங்க. அப்புறம் பல நூறு வருஷம் மாலுமிகள் அதுலதான் தூங்கினாங்க. கப்பல் சாய்ஞ்சாலும் தொங்குற படுக்கை நேரா நிக்கும். பிளஸ் டூ இயற்பியல்ல படிச்ச தனி ஊசல்தான். ஒன்றேகால் மீட்டர் நீளத்துல தொங்குற தூளி ஒரு தடவை போய்வர ரெண்டேகால் செகண்ட் ஆகும். பெரிய பயணிகள் கப்பல் ஒரு பக்கம் சாய்ஞ்சு திரும்பி வர பத்து செகண்டுக்கு மேல ஆகும். ரெண்டும் ஒண்ணோடொண்ணு சேராது. அதனால கப்பல் ஆட்டத்தால தூளி தானா வேகம் பிடிச்சு ஆடாது. கணக்குப்படி பார்த்தா மாமியார் கட்சி ஜெயிச்சிருக்கணும்.

தோத்தது கொக்கியில.

கேபின் கூரை கான்கிரீட் இல்ல. மெல்லிய தகடுப் பலகைகள், அதுக்கு மேல வயர், குழாய், காற்றுப் பாதை. அது தன் எடையைத் தாங்கத்தான், பாப்பா எடையைத் தாங்க இல்ல. கூரையில கண்ணுக்குத் தெரியிற ஒரே கொக்கி மாதிரி பொருள் தீயணைப்புத் தண்ணித் தெளிப்பான். தயவுசெஞ்சு, அதுல எதையும் மாட்டாதீங்க. துணி ஹேங்கர்கூட வேண்டாம். அதுக்குள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். சூட்டுல வெடிக்கிறதுக்குன்னே செஞ்சது. நீங்க இழுத்து உடைச்சாலும் வேலையைக் காட்டும், அழுத்தத்துல தண்ணி கொட்டும், நிறுத்துறது உங்க கையில இல்ல.

அப்போ சுவர்? கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். கப்பல் பயண வீடியோக்கள்ல எல்லாரும் காந்தக் கொக்கியைத்தான் சிபாரிசு பண்றாங்க. தொப்பி, அடையாள அட்டை, ஈரத் துண்டு மாட்ட நல்லது. பாக்கெட்ல "10 கிலோ தாங்கும்"னு போட்டிருக்கும். அது கொக்கியை நேரா வெளியே இழுத்தா தாங்குற அளவு. சுவத்துல ஒட்டி கீழ்நோக்கி எடை போட்டா வழுக்கிடும், அந்த அளவுல ஒரு சின்னப் பங்குதான் நிக்கும். ஆடுற குழந்தைன்னா எடை அதைவிட அதிகமாத் தெரியும். நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

"ரயில்லயே கட்டியிருக்கோமே"ன்னாங்க மாமியார். உண்மைதான். அப்பர் பெர்த் சங்கிலிக்கும் எதிர்ப் பெர்த்துக்கும் புடவையைக் கட்டி பிள்ளையைத் தூங்க வச்ச தலைமுறை அது, நாம பலபேர் அப்படித் தூங்கினவங்கதான். அங்க கட்டுறதுக்கு இரும்பு இருந்துச்சு, அந்தப் பெர்த் பெரியவங்க எடையைத் தாங்கச் செஞ்சது. பக்கத்துல முழிச்சிருக்க ஒரு பாட்டியும் இருந்தாங்க. இங்க மேல்படுக்கை இருக்கே, அதோட கம்பியில கட்டலாமான்னு அடுத்த கேள்வி. படுக்கிறவங்க எடை மேல இருந்து கீழ இறங்குற மாதிரி செஞ்ச மடக்குக் கீல் அது. பக்கவாட்டுல ஆட்டினா என்ன ஆகும்னு பரிசோதனை பண்ண என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்னேன். மாமியார் அதுக்கு மேல பேசல. ஆனா முகம் சுருங்கிடுச்சு. அவங்களுக்கு அது புடவை விஷயம் இல்ல. பேத்தி அழுதுக்கிட்டே தூங்காம கிடக்கப் போறாளேன்னு கவலை. அந்தக் கவலைக்கு என் கணக்குல பதில் இல்ல.

ரயில் பேச்சு வந்ததால ஒண்ணு. 2022 மே மாசம், அன்னையர் தினத்தையொட்டி, வடக்கு ரயில்வே லக்னோ மெயில்ல சோதனை முறையில குழந்தை பெர்த் வச்சாங்க. கீழ்ப் பெர்த்தோட பக்கத்துல மடிச்சு வைக்கிற சின்னப் பலகை, 770 மில்லிமீட்டருக்கு 255 மில்லிமீட்டர். அதாவது பத்து அங்குல அகலம். உருளுற குழந்தைக்கு அது பத்தாது, கைக்குழந்தைக்குத்தான். ஆனா அந்த யோசனையோட திசை எனக்குப் பிடிச்சிருந்தது: குழந்தை கீழ் மட்டத்துல, அம்மா கைக்கு எட்டுற தூரத்துல, தனக்குன்னு ஒரு இடத்துல. அந்த மூணையும் கேபின்ல எப்படிக் கொண்டு வர்றது?

பெரும்பாலானவங்க செய்றது, ரெண்டு கட்டிலையும் ஒண்ணா சேர்த்து, நடுவுல பாப்பாவைப் போடுறது. கேபின் ஊழியர்கிட்ட சொன்னா சேர்த்துக் கொடுப்பாங்க. வீட்டுல நாம இப்படித்தானே தூங்குறோம். ஆனா சேர்த்த கட்டில்ல நடுவுல ஒரு பிளவு இருக்கும். இல்லன்னா சுவர்ப் பக்கம் ஒரு இடுக்கு இருக்கும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவுல குழந்தை மாட்டிக்கிறது விழறதைவிட மோசம், ஏன்னா சத்தம் வராது. அதோட ஹோட்டல் கட்டில் மாதிரி உயரம், புசுபுசுன்னு கனமான போர்வை, நாலு தலையணை. ஒரு வயசுக்குக் கீழன்னா அந்தத் தலையணை, போர்வை எதுவுமே பக்கத்துல இருக்கக் கூடாது, தனியா, தட்டையா, கெட்டியான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைக்கணும்னுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்றாங்க. காத்தடிச்ச மெத்தையும் வேண்டாம். 15 மாசம், அதுக்குக் கீழ இருக்கிற குழந்தையை அதுல போடவே கூடாதுன்னு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்குது. முகம் புதைஞ்சிடும்.

நாங்க கட்டிலைச் சேர்க்கல. பிரிச்சே வச்சோம். நடுப்பாதை மூணரை அடி இருக்கே, அதுதான் பாப்பாவோட ரூம். பூந்தமல்லியில வாங்கின இலவம்பஞ்சு மெத்தை, 2 அடிக்கு 4 அடி, கெட்டியா அடைச்சது. சுருட்டி பெல்ட் போட்டுக் கையில எடுத்துட்டுப் போனோம். துறைமுகத்துல ஸ்கேனர்ல வச்ச அதிகாரி ஒரு நிமிஷம் அதையும் என்னையும் பார்த்தார். தரையில விரிச்சா, விழற உயரம் ரெண்டு அங்குலம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க அம்மா, ரெண்டு பேர் கையும் எட்டும். மெத்தை உள் கோடியில, கதவுல இருந்து தூரமா. அதனால கதவுக்குப் போற வழியில பாப்பா இல்ல, யாரும் இருட்டுல மிதிக்க மாட்டாங்க. எழுந்து ஓடணும்னா முதல்ல அவளைத் தூக்கிட்டுத்தான் ஓடுவோம்.

கட்டிலுக்கு அடியில காலியா இருக்கும், உருண்டு உள்ள போயிடுவா. அங்க சூட்கேஸைத் தள்ளி அடைச்சோம். ரஜூலா டெக்ல பெட்டியால வேலி போட்டாங்கன்னு சொன்னேனே, கிட்டத்தட்ட அதேதான். பாத்ரூம் வாசல்ல தண்ணி வெளியே வராம இருக்க ஒரு உயரமான படி இருக்கும். புதுசா நடக்கிற குழந்தை அதுல கண்டிப்பா தடுக்கும், நாங்க அந்தக் கதவை எப்பவும் சாத்தியே வச்சோம்.

இருட்டு பத்தி யாரும் சொல்றதில்ல. ஜன்னல் இல்லாத கேபின்ல லைட்டை அணைச்சா, உங்க கையே தெரியாது. மாங்காட்டுல கரண்ட் போனாக்கூட தெருவுல யாரோ ஒருத்தர் இன்வெர்ட்டர் வெளிச்சம் வரும். அங்க சுத்தமா கிடையாது. சார்ஜ் பண்ற சின்ன லைட் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. எக்ஸ்டென்ஷன் போர்டு, கெட்டில் எல்லாம் தீ அபாயம்னு வாங்கி வச்சுக்குவாங்க, அதை நம்பிப் போகாதீங்க. சில கப்பல்கள்ல டிவியில கப்பல் முகப்புக் கேமரா சேனல் ஓடும். சத்தத்தை அணைச்சுட்டு அதைப் போட்டா ராத்திரி மங்கலான வெளிச்சம், விடியும்போது டிவியிலயும் விடியும்.

அப்புறம் இன்னொரு நிஜம். எட்டு மணிக்குப் பாப்பா தூங்கிட்டா, உங்களுக்கும் எட்டு மணிக்கு லைட் ஆஃப். வேற ரூம் கிடையாது. மேல பாட்டுக் கச்சேரி, சாப்பாடு எல்லாம் நடக்கும். ஒருத்தர் போகலாம், ஒருத்தர் இருட்டுல உக்காரணும். "கதவைப் பூட்டிட்டு பத்து நிமிஷம் போய்ட்டு வரலாம், கப்பல்லதானே இருக்கோம்"னு தோணும். போகாதீங்க. நாங்க முறை வச்சுக்கிட்டோம். நான் கீழ உக்கார்ற ராத்திரி ஹெட்போன்ல ரெண்டு பாட்காஸ்ட் கேட்டேன். காசு கொடுத்துக் கப்பல்ல போய் பாட்காஸ்ட் கேட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

தூங்கலன்னா சளி சிரப் ரெண்டு மில்லி கொடுங்க, அசந்திடும்னு ஒரு அட்வைஸ் உங்களுக்கும் வரும். எங்களுக்கு மூணு பேர் சொன்னாங்க. கொடுக்காதீங்க. குளோர்ஃபெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்ல நம்ம மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிடுச்சு. ரெண்டு வயசுக்குக் கீழ குழந்தைகளுக்குக் கடல் மயக்கமும் அவ்வளவா வராது. மயக்கம் வரப்போறது உங்களுக்குத்தான். அதனால கேபின் கப்பலோட நடுவுல, கீழ்த் தளத்துல கிடைக்குமான்னு கேளுங்க, ஆட்டம் அங்கதான் குறைவு.

முதல் ராத்திரி எப்படிப் போச்சுன்னு கேட்பீங்க. பத்தரை வரைக்கும் அழுதா. ஆட்டம் இல்ல, கிரீச் சத்தம் இல்ல, புது இடம். பக்கத்து கேபின் டாய்லெட் வேற உறிஞ்சுற சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. என் மனைவி பேக்கைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாங்க. வெள்ளையில நீலக் கட்டம் போட்டது, பல வருஷம் துவைச்சுத் துவைச்சு மெலிஞ்சது. மாமியார் வேண்டாம்னு சொன்ன அப்புறமும் உள்ள வச்சுக் கொடுத்திருக்காங்க, எனக்குத் தெரியாது. அதைக் கட்டல. நாலா மடிச்சு மெத்தை மேல இறுக்கமா விரிச்சு, ஓரத்தை அடியில சொருகினாங்க. பாப்பா அதுல முகத்தை வச்சு ரெண்டு தடவை மோந்து பார்த்தா. அப்புறமும் அழுதா, ஆனா கோபத்துல இல்ல. பதினொண்ணே காலுக்குத் தூங்கிட்டா. ரெண்டாவது ராத்திரி ஒன்பதரை.

ஊருக்கு வந்ததும் மாமியார்கிட்ட புடவையைக் கொடுத்தோம். "கொக்கி கிடைச்சுதா?"ன்னாங்க. "கிடைக்கல அத்தை, விரிச்சோம்"னேன். "அதுவும் சரிதான்"னு சொல்லிட்டு துவைக்கப் போட்டாங்க.

ஐயப்பன்தாங்கல் நேயருக்கு, நீங்க கேக்காத ஒண்ணு. கேபினுக்குள்ள போன உடனே, மெத்தை விரிக்கிறதுக்கும் முன்னாடி, குழந்தைக்கான உயிர்காப்பு ஜாக்கெட் எங்கன்னு ஊழியர்கிட்ட கேளுங்க. அலமாரியில பெரியவங்களுக்கானதுதான் இருக்கலாம். 15 கிலோவுக்குக் கீழ குழந்தைக்குத் தனி அளவு உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல போற பயணத்துல கப்பல்ல இருக்கிற ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒண்ணு இருக்கணும்ங்கிறது சோலாஸ் விதி. கேட்டா கொண்டுவந்து தருவாங்க. ஒரு தடவை பாப்பாவுக்குப் போட்டுப் பாருங்க. அழுவா, பரவாயில்ல. அந்தப் பட்டையை எப்படி மாட்டுறதுன்னு உங்க விரலுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பால்கனி கேபின் எடுக்கலாமான்னு ரெண்டாவது மெசேஜ்ல கேட்டிருந்தீங்க. வெளிச்சம் வரும், பாப்பா தூங்கும்போது நீங்க வெளியே உக்காரலாம், அந்த வகையில சௌகரியம்தான். ஆனா பால்கனி நாற்காலியைக் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்துல விடாதீங்க, கதவு மேல்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்துல இருக்கான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. எந்தத் தேதிக்குப் போறீங்கன்னு எழுதுங்க. இப்போ நான் ஃபேன் போட்டுக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.